ஆறின எலும்பு

மண் விலகியதும் முதலில் தெரிந்தது நெற்றிதான். முத்துச்செல்வி பிரஷ்ஷை நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்தாள். வாய் உடைந்த அந்தப் பெரிய தாழிக்குள் ஒரு பொம்பளை இரண்டாயிரம் வருடமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இவள் போய் மத்தியான வெயிலில் அவள் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், இதுதான் படிப்பு. பெண்தான் என்று தாழியின் பக்கவாட்டு உடைசல் வழியாக இடுப்பெலும்பைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே சகாயராணி மேடம் சொல்லிவிட்டார். மேடம்தான் இந்தச் செம்மணல் தேரிக்காட்டு அகழாய்வுக்கு அதிகாரி. பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளில் எட்டுப் பேரைப் பொறுக்கி, பத்து நாள் பயிற்சி என்று கூட்டிவந்து, ஆளுக்கொரு சாந்துக்கரண்டியும் பிரஷ்ஷும் மூங்கில் குச்சியும் கொடுத்துக் குழிக்குள் இறக்கிவிட்டிருக்கிறார். இன்றைக்கு ஒன்பதாம் நாள். டீ வருவதற்குள் இவள் பதில் சொல்லியாக வேண்டும். வெளியூர்ப் பல்கலைக்கழகம், ஐந்து வருடத் தொல்லியல் படிப்பு, விடுதி. மேடம் அனுப்புகிற பட்டியலில் மூன்று பேருக்குத்தான் இடம். "ஒனக்குக் கை நல்லா வருது செல்வி. வாறியா இல்லியான்னு டீக்கு முன்ன சொல்லிரு" என்று மேடம் காலையில் கேட்டபோது வாயைத் திறந்தாள், மூடினாள். வருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். ஆனால் இவள் போய்விட்டால் அம்மா வீட்டில் அப்பாவோடு தனியாக இருப்பாள். அந்த நினைப்பு அத்தோடு நிற்காது, அதற்கு அடுத்தது ஒன்று இருக்கிறது, அதை நினைக்காமல் இருப்பதற்கே ஒன்பது நாளாகப் பாதி உயிர் போகிறது. அப்பா அம்மாவைக் கொன்றுவிடுவார். சரி, நினைத்தாயிற்று. தாழிக்குள் ஒன்றும் அசையவில்லை. கழுத்தில் வேர்வை ஊறி இறங்கியது, மறுபடி பிரஷ்ஷை எடுத்தாள்.

பக்கத்துக் குழியில் மம்பட்டி விட்டுவிட்டுக் கேட்டது. சரக், சரக். அது அப்பாதான், எத்தனை பேர் வெட்டினாலும் அந்தச் சத்தம் இவளுக்குத் தெரியும், வீட்டுக்குள் செருப்புச் சத்தம் தெரிவதுபோல. கொம்பையா என்றால் இந்தக் காட்டில் தனி மரியாதை. மூன்று வருடமாக இங்கே வெட்டுகிறார், ஒரு சட்டி, ஒரு ஓட்டுச் சில்லு அவர் கையால் உடைந்ததில்லை. முதல் நாள் மேடம் பிள்ளைகளையெல்லாம் அவர் குழியைச் சுற்றி நிறுத்தி, "கொம்பையா அண்ணாச்சி கையப் பாருங்க, எங்க அழுத்தணும் எங்க விடணும்னு அந்தக் கைக்குத் தெரியும்" என்றார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே மம்பட்டியைச் சாய்த்துப் பிடித்து மண்ணைச் சீவினார், தாள் கனத்துக்குச் சீவினார், உள்ளே ஒரு கறுப்புச் சட்டியின் விளிம்பு கீறல்கூட இல்லாமல் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இவளும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை கூசியது, என்னவோ தொடக்கூடாததைத் தொட்ட மாதிரி, ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. அன்று மாலை பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. கோவத்துல கை தெரியாமப் பட்டுட்டு, என்றுதானே ஊரே சொல்கிறது, அம்மாவும் அதைத்தானே சொல்கிறாள், அவ்வோளுக்குக் கை தெரியாதுட்டி, குடிச்சா ஆளே வேற. தெரியாத கையா இது. மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே தெரிகிற கைக்கு அம்மா விலா எங்கே இருக்கிறதென்று தெரியாதா. சாகாத அளவுக்கு அடிக்கிற அளவு தெரிந்த கை. அப்படியானால் சாகிற அளவும் அதற்குத் தெரியும். சரக், சரக். நல்ல மனுஷனாம், அதிர்ந்து பேசமாட்டாராம். வீட்டில் வந்து பாருங்களேன் ஒருநாள், பாயைப் போட்டு உட்காரவைக்கிறேன்.

மூங்கில் குச்சியால் கண்குழிக்குள் இருந்த மண்ணை நெம்பினாள். இடது கண்ணுக்கு மேலே எலும்பு ஒழுங்காக இல்லை. ஒரு பள்ளம், கட்டைவிரலை வைத்தால் சரியாக உட்காரும். ஓரம் கூராக இல்லை, மழுங்கி, உருண்டு, சோப்பு தேய்ந்த மாதிரி வழவழவென்று இருந்தது. ஐந்தாம் நாள் பாடம் இது. உயிரோட இருக்கும்போது அடிபட்டா எலும்பு தானா கூடும், ஓரம் மழுங்கும், ஆறின எலும்புன்னு எழுதுங்க; ஓரம் கூராவே இருந்தா ஆற நேரமில்லைன்னு அர்த்தம், அந்த அடியிலதான் செத்திருக்காங்க. எட்டுப் பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இவளும் எழுதினாள், எழுதும்போது பேனா இரண்டு தடவை கீழே விழுந்ததைக் கூடப் படிக்கிற ஜெனிபா பார்த்துவிட்டு, பசிக்கா, என்றாள். இடது புருவம். அம்மாவுக்கும் இடது புருவம்தான், வலது கைக்காரன் எதிரே நின்று அடித்தால் இடப்பக்கம்தானே விழும், இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவு, காலை ஒன்பது மணி, ரசத்தில் உப்பில்லை என்று தூக்குவாளியால் ஒரே வீச்சு. வாளி நசுங்கிவிட்டது, அப்பா முதலில் வாளியைத்தான் எடுத்துப் பார்த்தார். அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு இறங்கினாள், விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்து ரவிக்கைக்குள் போனது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்டபோது அம்மா பேசவில்லை, இவள் சொன்னாள். கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டா சிஸ்டர். பதிமூன்று வயதில் எவ்வளவு சுத்தமாகச் சொன்னாள், ஒரு தடுமாற்றம் இல்லை. நர்ஸம்மா எழுதிக்கொண்டாள். அந்தச் சீட்டில் இன்றைக்கும் கிணற்றடி என்றுதான் இருக்கும். அம்மாவைத் தோண்டியெடுக்கிறவர்கள் என்ன எழுதுவார்கள். புருவம், ஆறியது. இடது கீழ்த்தாடை, ஆறியது. விலாவில் இரண்டு, கோணலாகக் கூடியது. மணிக்கட்டு, போன வாரம், ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறியது ஆறியது என்று எழுதிக்கொண்டே போனால் ஏதோ நல்லகாலம்போல இருக்கிறது. ஒவ்வொரு ஆறினதுக்கும் பிறகு இன்னொன்று வந்திருக்கிறது. அம்மாவுக்கு ஆறுவதில் என்ன அவசரமோ தெரியவில்லை, அடுத்ததுக்கு இடம் தயார் பண்ணுகிற மாதிரி ஆறுகிறாள். சீ, என்ன நினைப்பு இது, அவள் மேல் எதற்குக் கோபம். கோபம்தான். அவள் மேலும்தான்.

தண்ணீர் தெளித்தால் மண் இளகும். தெளித்தாள். செம்மண் குழம்பி மண்டையோட்டின் மேல் வழிந்தது, பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள், உச்சியில் அப்பியிருந்த கட்டியை ஓரமாகச் சுரண்டத் தொடங்கினாள். மேலே தார்ப்பாய் காற்றில் படபடத்தது. பக்கத்துக் குழியில் அப்பா யாரோடோ பேசிச் சிரித்தார். சப்பாணி மாமா. பக்கத்து வீடு, ஒரே சுவர், அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும், அப்படியானால் இந்தப் பக்கம் அலறினால் அந்தப் பக்கம் என்ன கேட்கும் மாமா, ரேடியோவா. "பொம்பளப் புள்ளைய வெளியூருக்கு விடுதீரோ கொம்பையா" என்று அவர் கேட்பது கேட்டது. "போறவ போவட்டும். ஆத்தாக்காரி துணைக்கு நாந்தான் இருக்கம்லா" என்றார் அப்பா, இரண்டு பேரும் சிரித்தார்கள். துணைக்கு. துணைக்கு நான்தான் இருக்கேன். கரண்டி மண்ணில் இறங்கியது. எத்தனை தடவை மனசுக்குள் கொன்றிருப்பாள் அவனை, ஆமாம் அவனைத்தான், மனசுக்குள் எதற்கு மரியாதை. சோறு தின்கிறபோது பின்னால் போய் நின்று மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து உச்சியில் ஒரே போடு. சட்டி உடைகிற சத்தம்தான் வரும், தலை முன்னால் சாய்ந்து சோற்றுத் தட்டில் விழும், கை மட்டும் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருக்கும். இரண்டாவது போடு தேவைப்படாது, தேவைப்பட்டாலும் போடுவாள், மூன்றாவதும் போடுவாள், அந்தக் கையைத் தனியாக எடுத்து மணிக்கட்டோடு, கல்லில் வைத்து, ஒவ்வொரு விரலாக. இது அடிக்கடி வருகிற படம், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று சேரும், போன மாதப் படத்தில் விரல் கிடையாது. அம்மா அழுவாள், அவள் அழுவதைப் பார்த்துத்தான் ஆத்திரம் இன்னும் தலைக்கேறும், எதுக்கு அழுத, எவனுக்காக அழுத, நறுக்கென்று கரண்டி எதிலோ இடித்தது. கல்லாக இருக்கும். கையை உதறிக்கொண்டாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. வெயில் தார்ப்பாயைத் தாண்டி இவள் முதுகில் ஏறியிருந்தது.

கட்டி பெயர்ந்து வந்துவிட்டது. வந்த இடத்தில், உச்சியில், இரண்டங்குல நீளத்துக்கு உடைவு. ஒரு சில்லு உள்பக்கமாக அமுங்கியிருந்தது, அதிலிருந்து மூன்று விரிசல் ஓடியது. ஈர மண் அதற்குள் அப்பியிருந்ததால் நிறம் தெரியவில்லை, விரலால் தடவினாள், ஓரம் விரலைக் கிழிக்கிற மாதிரி கூராக இருந்தது. கூராக. இவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதல் அடி புருவத்தில். ஆறியது. வருடக்கணக்கில் ஆறியது. அப்புறம் ஒருநாள் உச்சியில். ஆறவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலும் ஒருத்தன் இருந்திருக்கிறான், அவனுக்கும் ஊருக்குள் நல்ல பேர் இருந்திருக்கும், அவன்தான் இந்தப் பொம்பளையை மடக்கித் தாழிக்குள் வைத்திருப்பான், கூட ஒரு சட்டியில் நெல்லும் வைத்து அழுதிருப்பான், எல்லோரும் அவனைத் தேற்றியிருப்பார்கள். இந்தப் பொம்பளைக்கு ஒரு மகள் இருந்திருப்பாளோ. மகள் எங்கே போயிருந்தாள் அன்றைக்கு. படிக்கவா. கண்ணில் நீர் வந்து எரிந்தது, வேர்வையா அழுகையா தெரியவில்லை, துடைக்கக் கை சுத்தமாக இல்லை. பயமாக இருந்தது. இது எழுதிவைத்த மாதிரி இருக்கிறதே. புருவம், பிறகு உச்சி. பதில் கிடைத்துவிட்டது. போகமாட்டாள். படிப்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், நான் வரலை மேடம் என்று சொல்லிவிட வேண்டியதுதான், சொல்லிவிட்டு அந்த வீட்டிலேயே வாசலை மறித்துக்கொண்டு கிழவியாக வேண்டியதுதான். யாராவது ஒருத்தர் இருந்தால் கொஞ்சம் அளவாக அடிக்கிறார், அது உண்மை, பார்க்க ஆள் இருந்தால் அந்தக் கைக்கு அளவு வருகிறது.

"என்ன செல்வி, மூஞ்சி வந்துட்டா?" என்று மேடம் குழி விளிம்பில் வந்து நின்றார். கூடவே ஜெனிபாவும் மற்றப் பிள்ளைகளும்.

"மேடம், கொலை மேடம் இது" என்றாள் செல்வி. குரல் அவளுடையதாக இல்லை. "புருவத்துல ஆறியிருக்கு. உச்சியில ஆறல. அடிச்சே கொன்னுருக்கான்."

மேடம் இறங்கி மண்டியிட்டார். புருவத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். "கரெக்ட். நல்லா ஆறியிருக்கு. பல்லப் பாரு, எப்படித் தேஞ்சிருக்கு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் வாழ்ந்துருக்கா, கிழவியாத்தான் செத்துருக்கா." பிறகு உச்சியில் தண்ணீரைப் பீய்ச்சி ஈர பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தார். செம்மண் வழிந்து போனது. உடைவின் ஓரம் சுண்ணாம்பு வெளுப்பில் பளிச்சென்று தெரிந்தது. மேடம் முகம் மாறிவிட்டது.

"இது கொலையும் இல்ல ஒண்ணும் இல்ல. ஓரம் வெளுப்பாருக்கு பாரு. பழைய ஒடைவுன்னா எலும்பு மாதிரியே மண்ணு நெறம் ஏறியிருக்கும். இது இன்னைக்கு ஒடஞ்சது. மூணாம் நாளே சொன்னேனே!"

மூன்றாம் நாள் இவள் இங்கே இல்லை. மூன்றாம் நாள் அம்மாவின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், சாக்கடையில் கால் தடுக்கிட்டு சிஸ்டர், என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடம் நிமிர்ந்து பக்கத்துக் குழியைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அண்ணாச்சி! இந்தக் குழிக்கு மேல்மண்ணு காலையில யாரு வெட்டுனது?"

"நாந்தான் மேடம்" என்று அப்பா மம்பட்டியை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மண்டையோட்ட ஒடச்சு வச்சிருக்கீங்களே! மூணு வருஷம் வேலை பாத்தவரு. ஒங்களப் போய் இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டுனேன்."

"எம் மம்பட்டி படல மேடம்."

"பின்ன பேய் வந்து ஒடச்சுதா? நாளையிலருந்து மம்பட்டியத் தொடாதீங்க. பொம்பளையாளுகளோட சல்லடைக்குப் போயிருங்க."

பிள்ளைகளில் ஒன்று களுக்கென்று சிரித்தது. அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், உதறினார், நாலாக மடித்தார், தோளில் போட்டுக்கொண்டார். ரேஷன் கடையில் நாலு பேருக்கு முன்னால் கடைக்காரன் வரிசையை விட்டுத் தள்ளிவிட்ட அன்றைக்கும் இதே மாதிரித்தான் துண்டை மடித்தார், அன்றைக்குத்தான் அம்மாவின் மணிக்கட்டு உடைந்தது. வெளியே விழுகிற ஒவ்வொரு அவமானத்தையும் அவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துதான் இறக்குவார். அதுவும் இது செய்யாத தப்பு. அவர் சொல்வது உண்மை, அவர் கை ஒருநாளும் தெரியாமல் உடைக்காது. கல் இல்லை அது. நறுக்கென்றது கல் இல்லை. ஆறி, பல் தேய்ந்து, கிழவியாகி, தன் சாவைத் தானே செத்துப் போன ஒருத்தியை இவள்தான் உச்சியில் அடித்திருக்கிறாள், அப்பனை நினைத்துக்கொண்டு அடித்திருக்கிறாள், அதே கை, ஒனக்குக் கை நல்லா வருது செல்வி. சொல்லாமல் இருந்தால் பட்டியலில் இடம் இருக்கும். சொல்லாமல் இருந்தால் இன்றைக்கு அம்மா.

"நாந்தான் மேடம் ஒடச்சேன்" என்றாள். "கரண்டியாலத்தான். அப்பா ஒடைக்கல."

அப்பா அந்தக் குழியிலிருந்து இந்தக் குழிக்கு எப்படி வந்தார் என்று தெரியவில்லை. கன்னத்தில் இடி விழுந்தது. இடது கன்னம். ஒரு காது அடைத்துப்போய், உள்ளே கொய்யென்று ஓர் இரைச்சல், அதற்குள்ளிருந்து அவர் குரல். "ஒடச்சுட்டு வாய மூடிட்டா இருக்க, சவத்து மூதி. எனக்கு ஏச்சு வாங்கிக் குடுக்கியோ?" மறுபடி ஓங்கினார். "அண்ணாச்சி!" என்று மேடம் அலறினார், ஜெனிபா வீரிட்டாள், ஓங்கின கை அப்படியே நின்றது. பார்க்க ஆள் இருந்தால் அளவு வருகிறது. உதட்டில் உப்புக் கரித்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு, சத்தியமாக அப்படித்தான் இருந்தது, இன்றைக்கு உள்ளது முடிந்துவிட்டது, அம்மாவுக்கு இனி விழாது. அடுத்த நொடி அந்த நிம்மதியை நினைத்து உடம்பெல்லாம் தீப்பிடித்தது. இதைத்தானே இருபது வருடமாக அம்மா செய்கிறாள்.

மேடம் என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த வேலையைச் செய்தார். தளப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். "ஒடச்சவங்க கைப்பட எழுதணும் செல்வி, அதான் ரூல். என்ன ஒடஞ்சுது, எதால, எப்ப, யாராலன்னு. எழுதிட்டுப் போய் மூஞ்சியக் கழுவு. நான் வாசிக்கேன், ஆளுக கேட்டுட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

அவள் எழுதினாள். பாதிப் பக்கம் எழுதி முடித்தும் பேனா நிற்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, ஒரு மண்டையோட்டுக்கு இவ்வளவா என்றுகூட யாரும் கேட்கவில்லை. டீ வாளி வந்து இறங்கியது, வேலையாட்கள் குழி விளிம்பில் கூடினார்கள். மேடம் பதிவேட்டை வாங்கி, தினமும் வாசிக்கிற அதே ஆபீஸ் குரலில் உரக்க வாசித்தார்.

"மண்டையோட்டு உச்சியில் இரண்டங்குல உடைவு. இன்று மத்தியானம், சாந்துக்கரண்டியால். செய்தவர் கொ. முத்துச்செல்வி. என் அம்மா பிரம்மசக்தி, வயது முப்பத்தெட்டு. இடது புருவம், தூக்குவாளியால், நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது. ஆறியது. செய்தவர் கொம்பையா. தாடை, கையால், பத்தாம் வகுப்பு." மேடத்தின் குரல் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. "ஆறியது. செய்தவர் கொம்பையா. விலா இரண்டு, மிதித்தது. செய்தவர் கொம்பையா. மணிக்கட்டு, போன வாரம். கிணறு என்றும் சாக்கடை என்றும் ஆஸ்பத்திரியில் பொய் சொன்னவர் முத்துச்செல்வி. அடுத்த உடைவு, எந்த இடம் என்று தெரியாது, தேதி தெரியாது. ஆறாது. செய்தவர் கொம்பையா."

டீயை ஊற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"கிழிட்டி அத" என்றார் அப்பா, அதிராமல்.

"கிழிக்க முடியாது. பக்கத்துக்கு நம்பர் இருக்கு" என்றார் மேடம்.

அப்பா மம்பட்டியை எடுத்துத் தோளில் வைத்தார். யாரையும் பார்க்காமல் ஊர்ப் பாதையில் நடக்கத் தொடங்கினார். வீட்டுக்குப் போகிறார், செல்விக்குப் புரிந்துவிட்டது. நாலடி போயிருப்பார், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சப்பாணி மாமா எழுந்து பாதையை மறித்து நின்றார். மெலிந்த மனுஷன், கையில் ஒன்றும் இல்லை.

"எங்க போற?"

"வழிய விடும்."

"ஒக்காரு கொம்பையா. எல்லாரும் கேட்டாச்சு" என்றார் மாமா. இன்னும் இரண்டு பேர் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். மம்பட்டியை ஒருவர் மெதுவாகப் பிடித்து வாங்கினார்.

அப்பா உட்காரவில்லை, நடக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் இவர்கள், டீ ஆறும் வரைக்குமா. செல்வி குழியிலிருந்து ஏறினாள், மேடத்தின் கையைப் பிடித்தாள்.

"பட்டியல்ல எம் பேர எழுதுங்க மேடம்" என்றாள். "அதுக்கு முன்ன ஒங்க ஜீப்ப எடுங்க. அம்மா வீட்டுல தனியா இருக்கா, போய்க் கூட்டிட்டு வந்துருவோம்."